வீராயிக்கு வயது குறைந்த கதை

பட்டதாரியான முத்துவேல் வீராயியை முதலில் சந்தித்தது 1968இல், இலங்கையின் மாத்தளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலக வாசலில். ரப்பர் பால் வெட்டும் அவளுக்கு ஐம்பத்தைந்து வயதானதற்கு அத்தாட்சி கிடைத்தால் ஓய்வு. தேடியதில் இரண்டு பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் கிடைத்திருந்தன. ஒன்றில் ‘வீராயி’ என்றிருந்தது; அதன்படி வயது ஐம்பத்தைந்து. மூன்று வருடம் பிந்திய மற்றதில் பெயர் இல்லை, ‘பெண்’ என்று மட்டும். இரண்டையும் வாசித்துச் சொல்லும்படி முத்துவேலிடம் நீட்டினாள்.

“ஒங்களுக்கு மூத்தவங்க யாரும் இருந்தாங்களா, பெரியம்மா?”

“ஒருத்தி பொறந்து ஒரு மாசத்துல செத்துட்டா, தம்பி. அவ பேரத்தான் எனக்கு வச்சாங்க.”

“அப்ப பேரு இருக்கிறது அவங்களோடது. பேரு வைக்கிறதுக்கு முந்தியே பதிஞ்ச இதுதான் ஒங்களோடது. ஒங்களுக்கு அம்பத்திரண்டுதாங்க.”

வீராயி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

“நல்லாப் படிச்சீங்க, சாமி! மூணு வருஷம் எளமையாக்கிட்டீங்க. இதை இந்தக் காலுக்கும் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க.”

அந்த மூன்று வருடமும் வீராயி பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள்.