பத்து வருடத்துக்கான உதிரிப்பாகங்கள்

வடக்கு ஐரோப்பாவில், விபோர்க் நகரில் நான் வேலை செய்யும் பம்ப் தொழிற்சாலைக்கு, தெற்கு ஐரோப்பாவிலிருந்து ஒருவர் ஒரு வாரப் பயிற்சிக்கு வந்தார். யாழ்ப்பாணத்தவர். குட்டையான உருவம், குளோரினில் வெளுத்த விரல்கள். காட்சிகளை நிறுத்திவிட்ட ஒரு கடல் பூங்காவில், மிஞ்சியிருந்த ஒரேயொரு ஓர்க்கா திமிங்கிலத்தின் தொட்டித் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது அவர் வேலை.

ஓடும் பம்ப் எதைக் கண்டாலும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார்.

"திமிங்கிலமும் இப்பிடித்தான், தங்கச்சி. நாள் முழுக்கத் தண்ணி வாற குழாயில முகத்தை வைச்சுக்கொண்டு நிக்கும். வேற என்ன கிடக்கு அங்க?"

அடுத்த கோடையில் அதைக் கடலோரமாக வலை கட்டிய ஒரு குடாவுக்கு மாற்றுவோம் என்று பூங்கா அவருக்குச் சொல்லியிருந்தது. அவர் அதை நம்பியிருந்தார்.

கடைசி நாள், தொட்டிப் பம்புகளுக்காகப் பூங்கா அனுப்பிய உதிரிப்பாகப் பட்டியலை அவரிடம் சரிபார்க்கக் கொடுத்தேன்.

"எத்தினை வருசத்துக்கு இது?"

"பத்து, அண்ணை."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வருசம் எண்டு மாத்தேலாதோ?"

"உங்கட ஆக்கள் கேட்டதைத்தான் போட்டனான். நான் மாத்தேலாது."

"ஓம், ஓம்." சிரித்தார். "தொட்டிக்கு முன்னால நிண்டு நானும் இதைத்தான் அதுக்குச் சொல்லுறனான்."

பிறகு ஒவ்வொரு வரியையும் கவனமாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். என்னைக் குற்றம் சொன்னாரா, தன்னோடு சேர்த்துக்கொண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உதிரிப்பாகப் பெட்டிகளை மறுநாளே அனுப்பிவைத்தேன்.