அண்ணன் வந்து எடுக்க வேண்டிய துக்கம்

என் அப்பா த்ரம்பக்லால் குஜராத்தின் பாடனில் கம்பவுண்டராக இருந்தார். தீபாவளிக்கு முன் எங்கள் வீட்டு முகப்பின் மரவேலைப்பாட்டுக்கு அவரே எண்ணெய் பூசி வண்ணம் தீட்டுவார். ஆளிவிதை எண்ணெயைச் சுடவைத்து முதலில் மரத்துக்குக் கொடுப்பார். பிறகுதான் வண்ணம். செதுக்கிய கிளிகளுக்குப் பச்சை, தாமரைக்குச் சிவப்பு, பால்கனியைத் தாங்கும் மத்தளக்காரிகளுக்கு மஞ்சள். வண்ணப் புட்டிகளில் மருந்துச் சீட்டு ஒட்டியிருக்கும்: ‘குலுக்கிவிட்டுப் பயன்படுத்தவும்.’

"கிளிக்கு இருமலா, த்ரம்பக்பாய்?" என்பார் எதிர்வீட்டு லலிதாகாகி.

"உங்க வீட்டு யாளிக்குச் சொறி வந்திருக்கு, அதப் பாருங்க" என்பார் அப்பா.

அம்மா இறந்ததும் அது நின்றது. சாவு விழுந்த வீட்டில் பண்டிகை இல்லை, வண்ணம் இல்லை. வருடம் திரும்பியதும் குடும்பத்தின் மூத்தவர் தானாக வந்து, நிலைப்படி மேல் செதுக்கிய மரக் கணேசருக்குக் குங்குமம் வைத்து, வீட்டார் வாயில் வெல்லம் போட்டுத் துக்கத்தை எடுக்க வேண்டும். கூப்பிட்டு வரவழைத்தால் அது செல்லாது.

மூத்தவர் என்றால் அப்பாவின் அண்ணன், அப்பா மோட்டாபாய் என்று அழைக்கும் லாப்சங்கர். அவர் அம்மாவின் அஸ்தி கரைத்த மறுநாளே, போட்டுவந்த வெள்ளைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், பேச்சை எடுத்தார்.

"பால்கனியக் கழட்டி வித்துட்டு என்னோட அகமதாபாத்துக்கு வந்துடு. பழைய செதுக்கு மரம் வாங்க ஆள் இருக்கு."

"அவ சாம்பல் ஈரம் காயல, மோட்டாபாய். மரத்துக்கு வெலை பேசவா வந்தீங்க?"

"ஒன் நல்லதுக்குச் சொன்னா... சரி. இனி நீ கூப்பிடாம இந்தப் படி மிதிக்க மாட்டேன்."

அவர் கூப்பிடாமல் வரமாட்டார். இவர் கூப்பிட முடியாது. ஐந்து தீபாவளிகள் இப்படிப் போயின.

நான் கட்டடப் பொறியாளர். மழை முடிந்து ஊருக்கு வந்தபோது பால்கனித் தாங்கி ஒன்றில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடிவரை இறங்கியது. எண்ணெய் காணாத மரம் வெடித்து, மழை இறங்கி, கரையான் உள்ளே முழுவதையும் தின்றிருந்தது. பழைய வண்ணத்தின் தோல் மட்டும் நின்றது. மத்தளக்காரியின் முகம் அப்படியே சிரித்தது.

"பப்பா, எண்ணெய் வெச்சா இனிப் பத்தாது. அடியில முட்டுக் குடுக்கணும். ஆள் அழைச்சிட்டு வரேன்."

"துக்க வீட்ல மர வேலையா? மோட்டாபாய் வரட்டும்."

"அவர் வரமாட்டார்."

"இந்த வருஷம் வருவார்."

"போன வருஷமும் இதான் சொன்னீங்க."

"எம் பொண்ணு ரொம்பப் படிச்சிட்டா, பாரு" என்று சிரித்தார். பால்கனிக் கதவுக்கு நானே பூட்டுப் போட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். வேலைக்குத் திரும்பினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் லலிதாகாகி போன் செய்தார்.

"பேட்டா, ஒடனே கெளம்பி வா. ஆட்டோ ஒண்ணு வந்து நின்னுச்சு. வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் எறங்கினார். எங்க வீட்டுக்கு வந்த சம்பந்தி. ஒங்கப்பா மேல கதவத் தொறந்துட்டு ‘மோட்டாபாய்’னு கத்திக்கிட்டே எட்டிப் பார்த்தார்..."

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

தாங்கி பலகையோடு பெயர்ந்திருந்தது. விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டி கனம்கூட இல்லை.

சாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. லாப்சங்கர் வந்தார். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தார். பதின்மூன்றாம் நாள், பித்தளைத் தட்டில் வெல்லமும் குங்குமமுமாக நிலைப்படி முன் வந்து நின்றார்.

"ரெண்டு துக்கத்தையும் வருஷம் பாக்காம இன்னிக்கே எடுத்துடறேன், பேட்டா. நீயாவது வண்ணம் அடி."

அவர் எட்டி, கணேசரின் நெற்றியில் குங்குமம் வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. மாவாக மரத்தூள் அவர் மணிக்கட்டு வழியே வழிந்தது.

விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.