"தனி ரூம் இருக்குங்க மிஸ்"

இன்று மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நான் தரம் ஆறு வகுப்பில் போய் உட்கார்ந்து, மிஸ் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் படிப்பது தரம் பதினொன்று.

"அப்பா, இங்க இல்ல, எந்திரிச்சு வாங்க!" என்று அவள் வாசலில் நின்று கூப்பிட, வகுப்பே சிரித்தது.

சரியான வகுப்பில் அவளுடைய மிஸ் பேசிக்கொண்டிருந்தார்.

"ஓ.எல். பரீட்சை வருது. புள்ளைக்குப் படிக்கன்னு தனி ரூம் ஒண்ணு குடுங்க. கதவைச் சாத்திட்டு நீங்கல்லாம் வெளியில இருங்க."

உக்குவளையில் எங்கள் வாடகை வீடே ஒற்றை அறைதான். கதவைச் சாத்தினால் மற்ற நாலு பேரும் ரோட்டில்தான் நிற்க வேண்டும். தனி ரூம் உள்ளவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள், பார்ப்போம்.

மகள் படிப்பது வாசலில் நிற்கும் என் ஆட்டோவின் பின் சீட்டில். வீட்டிலிருந்து வயர் இழுத்து பல்ப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மிஸ் என்னிடம் வந்து, "வீட்டுல தனியா ரூம் இருக்குங்களா?" என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். "இருக்குங்க மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்புறம் ஏன் வீட்டுக் கணக்கெல்லாம் பாதியில நிக்குது?"

"வெளையாட்டுப் புத்தி மிஸ்" என்று சிரித்தேன். மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "இனிமே ஒழுங்கா செய்றேன் மிஸ்" என்றாள்.

கணக்குப் பாதியில் இருக்கும்போதே ஆட்டோவுக்கு ஹயர் வந்துவிடும், அவளை இறக்கிவிட்டு அவளுடைய அறையை ஓட்டிக்கொண்டு போவது நான்தான் என்று மிஸ்ஸிடம் நான் சொல்லவில்லை.