துட்டி கேட்கப் போன நாள்

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பட்டாளத்துக்காரர்களின் குடும்பங்கள் அடிக்கடி வந்துபோகும். என் கணவர் அப்போது எல்லையில், மனைவி மக்களைக் கூட்டிப்போக முடியாத இடத்தில் இருந்தார். வடக்கே ராணுவக் குடியிருப்புகளில் பல வருஷம் இருந்துவிட்டு நானும் பிள்ளைகளும் ஊர் திரும்பியிருந்தோம். திரும்பி வந்து காலூன்றுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேஸ் கனெக்‌ஷனை மாற்றுவது எப்படி, இந்தியில் எழுதிய டி.சி.யை இங்கே எந்தப் பள்ளியில் ஏற்பார்கள் என்று சொல்வதற்கு ஓர் ஆள் இல்லை. நானே அலைந்து தெரிந்துகொண்டேன். அதனால் பிறகு வந்தவர்களுக்கு நான் துணைக்குப் போனேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு மே மாதம், என் கணவரோடு முன்பு ஒரே யூனிட்டில் இருந்த ஹவில்தார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சுந்தரபாண்டியத்துக்காரர். பூட்டானில் நம் ராணுவ முகாம் ஒன்றில் மூன்று வருஷம் குடும்பத்தோடு இருந்துவிட்டு இறங்கியிருந்தார். அடுத்து நாகாலாந்து. அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. மகளின் படிப்புக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில், திருமுக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்திருப்பதாகச் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்று, தன் மனைவி அதிகம் பேசமாட்டாள், தாய் தகப்பனும் இல்லாதவள் என்றார். “நீங்கதான் மதினி பாத்துக்கிடணும்” என்றார். வேறு எதையும் அவர் சொல்லவில்லை.

அவர் ரயிலேறிய பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனேன். முன்னறையில் இரும்புப் பெட்டிகள் வந்த மேனிக்கே அடுக்கியிருந்தன. அவள் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். நான் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள், தண்ணீர் கேட்டால் கொண்டுவந்தாள். எட்டு வயது மகள் ஓட்டை மின்விசிறியின் கீழே தரையில் படுத்துக் கிடந்தது. பனி விழும் ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த வெயிலில் முதுகெல்லாம் வேர்க்குரு. என்னிடம் இந்தியில் பேச முடியும் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, இந்த ஊரில் மழை எப்போது வரும் என்று கேட்டது.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ரேஷன் கார்டுக்கு அவளோடு தாலுகா ஆபீஸ் போனேன். பால்காரரை ஏற்பாடு செய்தேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியைக்கு டி.சி.யைப் படித்துச் சொன்னேன். தமிழ் எழுதத் தெரியாது என்று பிள்ளையை இரண்டு வகுப்பு கீழே போட்டார்கள். அதைக் கேட்டு எனக்குத்தான் வருத்தமாக இருந்தது. அவள் சரி என்று தலையாட்டினாள். எதைச் சொன்னாலும் சரி என்றுதான் தலையாட்டினாள். பெட்டிகள் மட்டும் திறக்கப்படவே இல்லை. இரண்டு தட்டு, ஒரு சட்டி, மாற்றுவதற்கு ஒரு சேலை, அவ்வளவில் குடும்பம் நடந்தது. வெயிலும் தனிமையும் படுத்துகிறது, போகப்போகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன். நானும் வந்த புதிதில் அப்படித்தானே இருந்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் மாலையில் பஸ் பிடித்துப் போய் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை. ஆடி மாதத்துக்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டது. ஒருநாள் அம்மா, அப்பா, அக்கா, தம்பி என்று எழுதவைத்தேன். தம்பி என்றால் யார் என்று கேட்டது. கூடப்பிறந்த சின்னப் பையன் என்று இந்தியில் சொன்னேன். அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, தனக்கும் ஒரு தம்பி இருக்கிறான் என்றது. அவன் அங்கேயே மலையில் இருக்கிறான், பனி உள்ளே போகாமல் இருக்க அப்பாவும் மற்ற மாமாக்களும் அவனுக்குக் கல்லை அடுக்கி மூடியிருக்கிறார்கள் என்று, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னது.

அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது. அவள் நிலைப்படியில் வந்து நின்றாள். பிள்ளையை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டு நான் அவள் பக்கத்தில் போனேன். அவன் பெயர் என்ன என்று கேட்டேன். அதைக் கேட்டதும் அப்படியே சரிந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.

அங்கே போன மறு வருஷம் பிறந்தவன். முகாம் ஆஸ்பத்திரியில் பிரசவம். பத்து மாதம் நன்றாக வளர்ந்தான். தவழ்ந்து அடுப்புக்கிட்டே வந்துவிடுகிறான் என்று இடுப்பில் சேலைத் துணியைக் கட்டிக் கட்டில் காலோடு முடிந்து வைப்பாளாம். தை மாதத்தில் சளி பிடித்து நெஞ்சில் கட்டிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் பனி விழுந்து பாதை மூடிவிட்டது. முகாம் டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாதை திறப்பதற்கு முன்பே பிள்ளை போய்விட்டது. ஆண்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் புரியும்.

ஊருக்கு எழுதினார்கள். சின்னப்பிள்ளை தவறியதற்கு என்ன செய்வது, தைரியமாக இருங்கள் என்று பதில் வந்தது. ஊர் திரும்பிய அன்று சுந்தரபாண்டியத்தில் மாமியார் வீட்டில் இறங்கினார்கள். ஆரத்தி எடுத்தார்கள், கோழி அடித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பூட்டானில் குளிர் எப்படி, ஆப்பிள் என்ன விலை என்று கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் நல்ல நாளில் அதை எதற்குக் கிளறுவது என்று எல்லோருமே இருந்திருக்கலாம். ஒரு கிழவி மட்டும், ஒத்தப் பிள்ளையோடு நிறுத்திவிடாதே என்று புத்தி சொன்னாளாம்.

“நம்ம ஊர்ல ஒரு மாடு செத்தாக்கூட நாலு பேரு வந்து என்ன ஏதுன்னு கேப்பாகல்லக்கா. எம் பிள்ளைக்கு ஒருத்தரும் துட்டி கேட்டு வரல. நாந்தான் கனவு கினவு கண்டேனோன்னு இருக்கு.”

துட்டி கேட்பது எங்கள் பக்கத்தில் சாதாரண காரியமில்லை. சாவு வீட்டுக்குப் போக முடியாதவர்கள் பிறகு எப்படியாவது போய்விட வேண்டும். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஆண்கள் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, எப்படி ஆச்சு என்று முதலிலிருந்து கேட்பார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நடந்தது நடந்ததுதான் என்று மனசு ஒத்துக்கொள்ளும் போல. அவளுக்கு அது கிடைக்கவில்லை. நான் இத்தனை நாள் ரேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது அவள் மனசில் எங்கேயும் ஒட்டவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாளே சுந்தரபாண்டியத்துக்குப் போனேன். அவள் மாமியார் முற்றத்தில் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கடுமையான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கை நின்றது. பச்சைப்பிள்ளைக்கெல்லாம் துட்டி கேட்கிற வழக்கம் கிடையாது, அதுவும் இம்புட்டு நாள் கழித்து என்றார். நானும் எனக்குத் தெரிந்த சில பெண்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம், நீங்களும் வந்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

“எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா தாயி? கடுதாசில ரெண்டு வரி. வாசிச்சுக் காட்டுனாக. மொகத்தையே பாக்காத பிள்ளைக்கு நான் என்னன்னு சொல்லி அழ?”

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் பஸ் ஏறினோம். மூவருமே பட்டாளத்துக்காரர்களின் மனைவிகள். ஒருத்தி கிறிஸ்தவப் பெண்; காலை ஆராதனை முடிந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். யாரும் பூ வைக்கவில்லை. உண்மையில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் போய் ஆறிய புண்ணைக் கீறிவிடுகிறோமோ என்ற பயம்.

கதவைத் திறந்தவள் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பூ வைக்காத எங்கள் தலையைப் பார்த்தாள். எதற்காக வந்திருக்கிறோம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் கையை விரித்தேன். அந்தக் கிறிஸ்தவப் பெண்தான் முதலில் அழுதவள். அப்புறம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, விஷயம் தெரியாமலே அவளும் எங்களோடு உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தாய் அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை. வயிற்றிலிருந்து வந்த சத்தம் அது.

அழுகை ஓய்ந்து அவள் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. மாமியார். கையில் ஒரு மஞ்சள் பை. அழவில்லை. மெதுவாக வந்து மருமகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஏட்டி, எம் பேரன் யாரு மாதிரி இருந்தான்?”

அவள் மாமியாரையே பார்த்தாள். அப்புறம் சொன்னாள். நெற்றி அப்பாவுக்கு உள்ளது மாதிரி அகலம். காது மட்டும் சின்னது. சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். இடது கன்னம் என்று கேட்டதும் மாமியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். செத்துப்போன தன் புருஷனுக்கும் அங்கேதான் குழி என்று பிறகு சொன்னார். அதற்கு மேல் அந்தக் கிழவியைத் தேற்றத்தான் நாங்கள் பாடுபட்டோம். மருமகள்தான் அவரை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

துட்டி வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. நாங்களும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டோம்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை போனபோது பெட்டிகளில் ஒன்று திறந்திருந்தது. கம்பளிகளை வெயிலில் காயப்போட்டிருந்தாள். மாமியார் வாரம் ஒருமுறை காய்கறியோடு வந்து இரண்டு நாள் தங்கினார். சண்டையும் போட்டுக்கொண்டார்கள். சண்டை போடுகிற அளவுக்கு அவளுக்குத் தெம்பு வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருஷம் ஹவில்தார் லீவில் வந்தபோது என் கணவரும் லீவில் இருந்தார். நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு, “நீங்கள்லாம் அவன் பொண்டாட்டிகிட்டப் போயித் துட்டி கேட்டீக. அவங்கிட்ட யாரு கேட்டா?” என்றார். இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். ஹவில்தார் சிரித்துக்கொண்டே வந்து வரவேற்றார். என் கணவர் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார். ஹவில்தாருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் முகம் கோணிக்கொண்டு போயிற்று. கையைத் தொட்டுவிட்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஹவில்தார் தரையைப் பார்த்தபடி பேசினார்.

“மண்ணு எறங்கலண்ணே. கல்லு மாதிரி உறைஞ்சு கெடந்துச்சு. கடப்பாரை தெறிச்சு வருது. பொறவு தீ மூட்டி, மண்ண எளக்கித்தான் தோண்டுனோம். உள்ள வைக்கும்போது மண்ணு வெதுவெதுன்னு இருந்துச்சு.”

அவள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்களை அங்கே கூட்டிப்போகவில்லை என்பதால் இது அவளுக்குத் தெரியாது. அவரும் அதுவரை சொன்னதில்லை. என் பக்கம் திரும்பி, “வெதுவெதுன்னு இருந்துச்சாம்க்கா” என்று மெதுவாகச் சொன்னாள்.

தொண்ணூறுகளில் ஹவில்தார் ஓய்வு பெற்று வந்ததும் ராஜபாளையத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. மகள் படித்து வேலைக்குப் போனாள். அந்த மலைக்குத் திரும்பப் போக அவர்களுக்கு வாய்க்கவே இல்லை. யாராவது புதிதாக அவளிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இரண்டு என்பாள். பக்கத்தில் மாமியார் இருந்தால் அவரும், ஆமா ரெண்டு என்பார்.