செர்ஜியோ கோல் காத்த ஞாயிறு

ஈரப் புல்லும் தசைவலி எண்ணெயும் கலந்த மணத்தோடுதான் தொண்ணூறுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் நோர்பரி வீட்டுக்குள் நுழையும். அதைக் கால் சப்பாத்திலும் சட்டையிலும் சுமந்து வருபவர் அப்பா. யாழ்ப்பாணத்து நாவாந்துறைப் பக்கத்தில் ஒரு காலத்தில் கோல் காத்த அவர், லண்டனில் பெற்றோல் நிலையத்தில் "ஷிப்ட்" முடிந்த கையோடு, உறங்காமல், எங்கள் பகுதி உதைபந்தாட்டக் குழுவில் கோல் காக்கும் "கோலி"களைப் பழக்கப் போவார். அவரை அங்கே அழைத்தவர் கோச் செர்ஜியோ.

செர்ஜியோ இத்தாலியர். எண்பதுகளில் இத்தாலியில் இரண்டாம் பிரிவுக் கழகமொன்றுக்குக் கோல்களாக அடித்துத் தள்ளியவர், முழங்கால் முறிந்ததும் மனைவியின் ஊரான லண்டனுக்கு வந்து பயிற்சியாளரானார். தோற்ற நாளிலும் யாரையும் ஏச மாட்டார். அழுக்குச் சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டுபோய்த் தானே துவைப்பார். பூங்காவில் அப்பா எனக்குப் பந்து பிடிக்கக் காட்டுவதைக் கண்டு வந்து கதைத்தவர், சில வாரங்களில் அவரை "அண்ணை" என்றே கூப்பிடத் தொடங்கினார். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். ஆகவே பயிற்சியில் அப்பா தமிழில் கத்துவார், கோச் அதைப் பழகிக்கொள்வார்.

ஒரு பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கம். குழுவையே கலைத்துவிடுவோம் என்று கழகத்தார் சொல்லியிருந்தார்கள். சமநிலையில் இருந்தபோது எங்கள் கோலியின் விரல் முறிந்தது. மாற்றுக் கோலி இல்லை. அப்பா பதிவு செய்யப்பட்ட ஆட்டக்காரரும் அல்லர். ஆள் குறைந்தால் உதவும் என்று தன் பெயரையும் பதிந்து வைத்திருந்த கோச், நொண்டியபடியே கையுறையை மாட்டினார்.

"அண்ணை, எனக்கு கோல் அடிக்க மட்டும்தான் தெரியும்."

"பயப்படாதை. நான் பின்னாலை நிக்கிறன்."

வலைக்குப் பின்னால் நின்று அப்பா தொண்டை கிழியக் கத்தினார். "வெளியாலை வா! இடக்கைப் பக்கம்! விடு, அது வெளியிலை போகுது!" எதிரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோச்சுக்கு எல்லாம் விளங்கியது.

முடியும் தறுவாயில் எதிரணிக்குப் பெனால்டி. கோச் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பாயாதை! அப்பிடியே நில்லு!"

அவர் அசையவில்லை. நேராக வந்த பந்து நெஞ்சில் அறைந்து தெறித்தது, ஊதல் ஒலித்தது, குழு பிழைத்தது. விழுந்து கிடந்த கோச்சால் எழ முடியவில்லை. அப்பா அவரை முதுகில் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தார், இருவரும் தத்தம் மொழியில் ஏதேதோ சொல்லிச் சிரித்தபடி. அகதியாக வந்த நாளிலிருந்து அப்பா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

பின்னர் செர்ஜியோ இத்தாலிக்கே திரும்பி, சொந்த ஊர்க் கழகத்தைப் பயிற்றுவித்து மேல் பிரிவுக்கு ஏற்றினார். எங்கள் மைதானத்தில் இன்று அடுக்குமாடிகள். அந்த லீக்கும் இல்லை. சென்ற குளிர்காலத்தில் அவர் காலமானபோது, லண்டனுக்கு வந்தபின் விமானமே ஏறாத அப்பா, "நான் போகத்தான் வேணும்" என்றார், அழைத்துப் போனேன். அந்த ஊர்த் தேவாலய வாசலில் செர்ஜியோ பழக்கிய ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். செர்ஜியோவின் மனைவி அப்பாவின் கையைப் பிடித்து அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்திச் சொன்னார்:

"இவர்தான் அவருடைய கோச்."