கெர்வில்லில் கன்வெர்ட்டர் மாற்றிய காலை

இந்த ஸ்ப்ரிங் பிரேக் பள்ளி விடுமுறை, படுக்கை, குழாய் எல்லாம் உள்ளேயே இருக்கும் எங்கள் 1998 மாடல் மோட்டார்ஹோமுக்குக் கடைசிச் சான்ஸ். நாங்கள் குடியிருக்கும் கேட்டியிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய் வர வேண்டும். வண்டியால் பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் விற்றுவிட வேண்டும். இது என் மனைவி மலர் போட்ட கண்டிஷன். ஏற்கெனவே மூன்று பயணங்களை அது கெடுத்திருப்பதால் நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் பயம்தான். எனக்கு அந்த வண்டியை அவ்வளவு பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்குக் கிளம்பி, 235 மைல் ஓட்டி, பதினொன்றரைக்குக் கெர்வில் கேம்ப்கிரவுண்ட் சேர்ந்தோம். ஒரு நாளைக்கு 52 டாலர். கரண்ட் கேபிளைச் செருகினேன். ஏசி ஓடியது, மைக்ரோவேவ் ஓடியது. ஆனால் விளக்குகள் மங்கலாக எரிந்தன. தண்ணீர் பம்ப் முனகிவிட்டு நின்றது.

வெளியிலிருந்து வரும் 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி விளக்கு, பம்ப் எல்லாவற்றுக்கும் கொடுத்து, பேட்டரியையும் சார்ஜ் செய்கிற பெட்டிதான் கன்வெர்ட்டர். பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 11.4 வோல்ட். சார்ஜ் ஏறினால் பதின்மூன்றுக்கு மேல் காட்ட வேண்டும். கன்வெர்ட்டர் போயே போய்விட்டது. எட்டு மைல் தள்ளியிருந்த கடையில் 189 டாலருக்குப் புதிது கிடைத்தது.

“நாளைக்குப் பன்னண்டு மணிக்கு செக்-அவுட். அதுக்குள்ள சரியாச்சுன்னா பிக் பெண்ட். இல்லன்னா கேட்டிக்குத் திரும்பிடலாம்” என்றாள் மலர்.

“நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர், மலர்.”

“அதாங்க பயமா இருக்கு.”

மறுநாள் காலை எட்டரைக்கு ஆரம்பித்தேன். முதலில் கேபிளைப் பிடுங்கி, பேட்டரி ஒயரையும் கழற்றினேன். (இதை மட்டும் யாரும் மறக்காதீர்கள்.) கட்டிலுக்கு அடியில் பழைய பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது மலர் வண்டி முழுக்க போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்றால் “சும்மாதான்” என்றாள்.

பழைய பெட்டியைக் கழற்றியதும் பேட்டரியிலிருந்து வரும் இரண்டு தடித்த ஒயர்கள் தனியாக நின்றன, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கோயம்புத்தூர் காலேஜ் லேபில் நாலு வருஷம் கறுப்பை மைனஸாகவே பார்த்துப் பழகியவன் நான். கூட வந்த பேப்பரையெல்லாம் இன்ஜினியர் படிப்பானா? கறுப்பைப் புதுப் பெட்டியின் மைனஸில் முறுக்கினேன். பத்து மணிக்குப் பேட்டரியை மாட்டியதும் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

“அப்பா, டிட் யூ ப்ரேக் இட்?” என்றாள் ஒன்பது வயது மகள் நிலா.

புதுப் பெட்டியில் இரண்டு ஃப்யூஸும் காலி. வண்டியை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது மலர் போனை நீட்டினாள். பழைய பெட்டியின் போட்டோ. அதில் கறுப்பு ஒயர் பிளஸில் இருந்தது! இந்த ஊர்ப் பழைய மோட்டார்ஹோம்களில் கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ் என்று இருப்பது சகஜமாம்.

“இதை எதுக்கு எடுத்தே?”

“வண்டிய விக்க ஆட் போடணும்ல? அதுக்குத்தான் எல்லாத்தையும் எடுத்து வெச்சேன்.”

சுருக்கென்று இருந்தது. ஆனால் கோபப்படுகிற நிலைமையிலா இருந்தேன்? பக்கத்து டிரெய்லர்க்காரரிடம் ஃப்யூஸ் கேட்க எனக்குக் கூச்சம். மலர் ஒரு தட்டில் புளியோதரை வைத்து எடுத்துக்கொண்டு போனாள். பத்து நிமிஷத்தில் 40 ஆம்ப் ஃப்யூஸ் இரண்டோடு திரும்பினாள். ஃப்யூஸைப் போட்டு, ஒயர்களை மாற்றி மாட்டி, கரண்ட் கேபிளையும் செருகினேன். 11.20க்கு மீட்டர் 13.6 காட்டியது. குழாயில் தண்ணீர் வந்ததும் நிலா கை தட்டினாள். எனக்கு வாயெல்லாம் பல். செக்-அவுட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிளம்பி, மாலை ஏழு மணி வெளிச்சத்தில் பிக் பெண்ட் மலைகளைப் பார்த்துவிட்டோம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், மீட்டர் வைத்துப் பாருங்கள். ஃப்யூஸ் நாலு கூடுதலாக வாங்கி வையுங்கள். எதையும் பிரிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், அல்லது எடுக்கிறவரைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியில் மெதுவாகக் கேட்டேன்: “அந்த ஆட் போட்டோவெல்லாம் டெலீட் பண்ணிட்டியா?”

“எதுக்குங்க? அடுத்த ட்ரிப்ல நீங்க எதையாவது கழட்டுவீங்கள்ல?” என்றாள்.