ஒரிஜினல் வாங்கியவர்கள் பட்ட பாடு

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் வைரஸைவிட என்னை அதிகம் படுத்தியது ஒரிஜினல் டிஸ்க்தான். கடையில் முறையாக வாங்கி, பெட்டியைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, கடைசியில் "சரியான டிஸ்க்கைப் போடவும்" என்று திட்டு வாங்கிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த டிஸ்க்குகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் நான் தாம்பரத்தில் கடை வைத்திருந்தேன்.

பாடாத பாட்டு

சிட்லபாக்கத்திலிருந்து ரிட்டயர்டு சார் ஒருவர் புதுப் பாட்டு சிடியோடு வந்தார். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயந்திருந்தார். என் கடையின் மூன்று மெஷினிலும் போட்டேன், மூச்சே இல்லை. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது: காப்பி எடுக்க முடியாத சிடி, கம்ப்யூட்டரில் ஓடாது.

வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கப் போனார். பிரித்த சிடியை எடுக்க மாட்டோம் என்றார்கள். மறுபடி என் கடைக்கே வந்தார். "பிளாட்பாரத்துல விக்கிற சிடி யார் போட்டாலும் பாடுதும்மா. இதுதான் என்னைத் திருடன்னு நெனைக்குது!"

எந்தத் துண்டு?

பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார் ஒரு பாய். பை டிசைன் போடும் சாப்ட்வேர், அதன் ஒரிஜினல் டிஸ்க் டிரைவுக்குள் இருந்தால்தான் திறக்கும். தினமும் சுற்றிய டிஸ்க் ஒருநாள் உள்ளேயே உடைந்தது. வெள்ளிக்கிழமை சரக்கு அனுப்ப வேண்டும், பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்ட்வேர் கம்பெனிக்கு நான்தான் போன் போட்டேன். டிஸ்க் உடைந்ததைச் சொல்லியும், "ஒரிஜினல் டிஸ்க்கைப் போட்டுட்டுப் பேசுங்க" என்றே போனை எடுத்த பெண் சொன்னாள். பாய் ரிசீவரைப் பிடுங்கினார். "ரெண்டு துண்டா கீதும்மா, எந்தத் துண்டைப் போடணும், சொல்லு!"

காப்பி போட்டேன்

மாற்று டிஸ்க் வர மூன்று வாரம் ஆனது. சரக்கு போகவில்லை, ஆர்டர் கைநழுவியது. டிஸ்க் வந்த அன்றைக்கே முடிவு செய்தேன்: அதை டிரைவில் போடுவதற்கு முன் காப்பி எடுத்துவிடுவது. மூன்று காப்பி வீணானது, நான்காவது ஓடியது.

அதை வாங்கிப் போக பாய் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, புது டிஸ்க் ஓடுகிறதா என்று கேட்கக் கம்பெனி ஆள் என் கடைக்குள் நுழைந்தார். "மேடம், இது சட்டப்படி தப்பு. கம்பெனிக்கு எழுதிக் குடுத்துடுவேன்" என்றார். பில்லையும் பெட்டியையும் ஒரிஜினலையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். "தாராளமா எழுதுங்க சார். மூணு வாரம் பட்டறை சும்மா கெடந்ததையும் சேர்த்து எழுதுங்க" என்றேன். பாய் காப்பியைப் பையில் போட்டபடி அவரிடம் கேட்டார்: "என் வூட்டுப் பூட்டுக்கு நான் இன்னொரு சாவி போட்டா, என்னையே புடிப்பியா நைனா?"

கடையை மூடும்வரை எத்தனையோ பேருக்கு அந்த டிஸ்க் பூட்டுகளைத் திறந்து கொடுத்தேன், அவர்களில் ஒருவர்கூடத் திருடன் இல்லை.